தூங்குமூஞ்சி முழிச்சுக்கிச்சு

என் மாலிக்யூலுக்கு லேப்ல வச்ச பேரு தூங்குமூஞ்சி. தண்ணியில ஈயம், அதான் லெட்ங்கிற விஷம், கலந்திருந்தா, ஊதா விளக்குக்குக் கீழே அது நீலமா எரியணும். இல்லேன்னா இருட்டா கிடக்கணும். அதோட ஒரே வேலை அதுதான். நானே ஈயம் கலந்து கொடுத்தா ஜோரா எரியும். வெளியிலேர்ந்து யார் வீட்டுக் குழாய்த் தண்ணியைக் கொண்டுவந்து ஊத்தினாலும் மூச்சு விடாது. "நிஜத் தண்ணியில ஒரு தடவையாவது எரியட்டும்மா, அப்புறம் கட்டுரை எழுதலாம்"னு சொல்லிச் சொல்லியே புரொபசர் என் உயிரை வாங்கிட்டிருந்தார்.

அன்னிக்கு மத்தியானம் அக்கா வந்தா. வயித்துல பிள்ளை. இனிமே எங்கேன்னு எல்லாரும் கைவிட்டப்புறம் தங்கின பிள்ளை. டாக்டர் பக்கத்துத் தெருதான், செக்கப் முடிஞ்சதும் என்கிட்ட வந்து வாய் ஓயாம பேசிட்டுப் போவா. கையில எப்பவும் வீட்டுத் தண்ணி பாட்டில். "நிறைய குடிக்கச் சொல்லியிருக்காங்கடி"ன்னு பெருமை வேற.

சும்மா விளையாட்டுக்குத்தான் அதிலேர்ந்து கொஞ்சம் எடுத்தேன். இருட்டு ரூமுக்குக் கொண்டுபோய், தூங்குமூஞ்சியை ரெண்டு சொட்டு விட்டு விளக்கைப் போட்டா, அடேயப்பா, ஜெகஜோதியா எரியுது! குதிச்சேன். கையைக்கூடத் தட்டினேன். அப்புறம்தான் அது யாரு குடிக்கிற தண்ணின்னு மண்டையில உறைச்சுது. அவங்க குடிபோன வீடு பழசு, குழாயும் பழசு, ஈயக் குழாயாக்கூட இருக்கலாம். ஈயம் வயித்துப் பிள்ளையோட மூளையைத்தான் முதல்ல பிடிக்கும்.

"என்னடி ஆட்டம்?" வாசல்ல அக்கா. "என் தண்ணியா அது? எரிஞ்சா ஆகாதுன்னு சொல்லுவியே?"

"பாட்டிலை எதுல கழுவினே?"

"பாத்திர சோப்பு தீர்ந்துபோச்சு. துணி பவுடரைப் போட்டுக் குலுக்கினேன். ஏன், நாறுதா?"

போன உயிர் திரும்பி வந்துச்சு. துணி பளிச்சுன்னு தெரியறதுக்காகப் பவுடர்ல ஒரு சாயம் சேர்ப்பாங்க. அதுவும் இந்த விளக்குல இதே நீலமாத்தான் எரியும். அப்போ இது ஈயமே இல்லை, சோப்பு! கட்டுரை அம்போதான். நாசமா போகட்டும், யாருக்கு வேணும் கட்டுரை?

கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். தூங்குமூஞ்சியைச் சேர்க்காம வெறும் தண்ணியை விளக்குல வச்சா போதும். சோப்பு இருந்தா தானாவே எரியும். ஈயத்துக்குத் தானா எரியத் தெரியாது.

சுலபம்னு சொல்லிட்டேன், கை ஒத்துழைக்கணுமே! சோதனைக் குழாயைக் கழுவினேன், துடைச்சேன், சந்தேகம் வந்து மறுபடியும் கழுவினேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். "குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதேடி, எனக்குத் தலை சுத்துது"ன்னு அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. பாட்டிலை அவ மடியிலேர்ந்து வாங்கி, தண்ணியை ஊத்திட்டுத் திருப்பிக் கொடுத்தேன். விளக்கைப் போட்டேன்.

எரிஞ்சு தொலை. மனசுக்குள்ள கத்தினேன். உனக்குப் புண்ணியமா போகும், எரி.

தண்ணி இருட்டாவே கிடந்துச்சு. விளக்கைக் கிட்டக்க கொண்டுபோனேன். அப்பவும் இருட்டுதான்.

"அப்பாடா! எரியலே," அக்கா நெஞ்சைத் தடவிக்கிட்டா. "கொஞ்ச நேரத்துல வயித்துல புளியைக் கரைச்சுட்டியேடி." சிரிச்சுக்கிட்டே மூடியைத் திருகி, பாட்டிலை வாய்கிட்ட கொண்டுபோனா.

தட்டிவிட்டேன். பாட்டில் சுவத்துல மோதி உருண்டுச்சு, தண்ணி அவ மடியெல்லாம் கொட்டிடுச்சு.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? அதான் எரியலையே!"

"எரிஞ்சிருக்கணும்க்கா." எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "இது எரிஞ்சிருந்தா சோப்பு. எரியலே, அப்போ அது ஈயம்தான். எந்திரி, டாக்டர்கிட்ட போலாம், ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லலாம். இப்பவே எந்திரிக்கா."

அவ எந்திரிக்கலே. தரையில ஓடின தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தா.

"நிறைய குடிக்கச் சொன்னாங்களேடி"ன்னா.