ஆரஞ்சுத் துண்டு

எங்க குடியிருப்புல ஒரு சங்கம் உண்டு. எல்லாரும் கிளப்புன்னுதான் சொல்வாங்க. ஒரு கேரம் போர்டு, கால் ஆடற நாற்காலி பதினாறு, வருஷத்துக்கு ரெண்டு சண்டை. அவ்வளவுதான் கிளப். போன வருஷம் வெயில்ல பின் கட்டடத்துல தனியா இருந்த ஒரு அம்மா செத்து மூணு நாள் யாருக்கும் தெரியாமக் கிடந்தாங்க. அதுக்கப்புறம்தான் கிளப்புக்கு ரோஷம் வந்துச்சு.

செயலாளர் மருந்துக்கடைக்காரர். யோசனை அவரோடது. தனியா இருக்கிற பதிமூணு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு கலர் துண்டு. காலையில எந்திரிச்சதும் அதை பால்கனிக் கம்பியில போடணும். பொழுது சாஞ்சதும் எடுத்து உள்ள வைக்கணும். ஒன்பது மணிக்கு ஒரு ஆள் முற்றத்துல நின்னு அண்ணாந்து பார்ப்பார். துண்டு தொங்கினா டிக். தொங்கலேன்னா ஏறிப் போய்க் கதவைத் தட்டணும்.

அந்த ஆள் நான். பேக்கரியில ராத்திரி ஷிப்ட் முடிச்சு எட்டரைக்குத் திரும்பி வருவேன், அந்நேரம் முழிச்சிருக்கறவன்னு என் தலையில கட்டிட்டாங்க. எனக்கு அதுல சந்தோஷம்தான். இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷம், என்னை நம்பி யாரும் ஒரு காரியத்தை ஒப்படைச்சதில்ல. பட்டியல்ல கடைசிப் பேரு என்னோடது. அதுக்கு நேரா நானே டிக் போட்டுக்குவேன்.

பன்னெண்டு பேர் ஒழுங்கா இருந்தாங்க. அஞ்சாவது மாடி டிரைவர்தான் தொல்லை. ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடு. ஒன்பது மணிக்கு அவர் கம்பி காலியா இருக்கும். லிப்ட் கிடையாது. எட்டு மணி நேரம் அடுப்பு முன்னாடி நின்ன காலோட நான் அஞ்சு மாடி ஏறணும்.

கதவைத் திறந்துட்டு சிரிப்பார். "என்ன ரொட்டி, போயிட்டேனான்னு பார்க்க வந்தியா?"

"மணி ஒன்பதுண்ணே. அந்தத் துண்டை எடுத்துப் போட்டா கையா முறிஞ்சுடும்?"

"முப்பத்திரெண்டு வருஷம் விடிகாலை நாலு மணிக்கு வண்டி எடுத்தவன்டா நான். இப்பத்தான் தூங்கறேன். அதுலயும் மண்ணைப் போடறியே."

ஆறு நாள் இப்படி. ஏழாவது நாள் படியில உக்காந்து உக்காந்து ஏறினேன். முழங்கால் ரெண்டும் கழண்டு போச்சு.

"அண்ணே, ஒண்ணு பண்ணுங்க," என்றேன். "சாயங்காலம் துண்டை எடுக்கவே எடுக்காதீங்க. அது பாட்டுக்குத் தொங்கட்டும். நீங்களும் தூங்குங்க, நானும் தூங்கறேன்."

"அப்போ நான் செத்தா உனக்கு எப்படித் தெரியும்?"

"குறட்டைச் சத்தம் நின்னு கட்டடமே நிம்மதியாத் தூங்கும். அதுல தெரிஞ்சுக்கறேன்."

ரொம்ப நேரம் சிரிச்சார். சொம்புல தண்ணி கொடுத்தார். அன்னைக்கு முதல் அந்தத் துண்டு உள்ள போகல.

அடுத்த வாரம் வெயில் கொளுத்துச்சு. வியாழக்கிழமை அவரைப் படிக்கட்டுல பார்த்தேன். ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுன்னார். வெள்ளிக்கிழமை துண்டு தொங்குச்சு, டிக் போட்டேன். சனிக்கிழமையும் தொங்குச்சு. ஓரத்துல வெள்ளையா பறவை எச்சம். முந்தின நாளும் அதே இடத்துல அதைப் பார்த்திருந்தேன். டிக் போட்டேன்.

அன்னைக்குப் பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் போன் பண்ணி எழுப்பினார்.

"டிரைவரோட பொண்ணு பேசுச்சுப்பா. நேத்திலிருந்து அப்பா போன் எடுக்கலையாம். கிளம்பி வரட்டுமான்னு கேக்குது. துண்டு இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"டிக் போட்டிருக்கேன்ணே."

"அப்போ வர வேணாம்னு சொல்லிடறேன்."

போனை வச்சப்புறம், அது எப்பவுமே தொங்கற துண்டுதானேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. போய்ப் பார்க்கலாம்னு நெனச்சேன். ஃபேன் காத்து சுகமா இருந்துச்சு. திரும்பிப் படுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளப்பு சார்பா வீடு வீடா ஐஸ் தண்ணி பாட்டில் கொடுத்தோம். டிரைவர் கதவைத் திறக்கல. நாலு பேர் சேர்ந்து பூட்டை உடைச்சோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல கிடந்தார். போன் மேஜை மேல, கைக்கு எட்டாத தூரத்துல. ஃபேன் நின்னு போயிருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டர் எங்கிட்டயும் மருந்துக்கடைக்காரர்கிட்டயும் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையிலயே விழுந்திருக்கணும், இடுப்பு முறிஞ்சிருக்கு. உயிர் போனது சனிக்கிழமை பொழுது சாஞ்சப்புறம்.

வெளிய வந்ததும் மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடிச்சார். "அப்போ வெள்ளி, சனி துண்டு போட்டது யாருப்பா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சுத்திப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை இத்தோட விட்டுடு. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? போனவர் போயிட்டார்."

காரியம் எல்லாம் முடிஞ்சு மூணாவது நாள் டிரைவரோட பொண்ணு கிளப்புக்கு வந்துச்சு. துணிக்கடையில வேலை பார்க்கிற பொண்ணு, ரயில்ல நாலு மணி நேரத் தொலைவு. கேரம் போர்டு பக்கத்துல உக்காந்துகிட்டு என் பட்டியலைக் கேட்டுச்சு. சனிக்கிழமைக் கட்டத்துல விரலை வச்சுது.

"நீங்கதான் அப்பாவைப் பார்த்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்கண்ணா. சனிக்கிழமை காலையில அவரே எந்திரிச்சு துண்டைப் போட்டிருக்கார் இல்ல? அப்போ நல்லாத்தான் இருந்திருக்கார். திடீர்னுதான் போயிருக்கார். நான் வந்திருந்தாலும்..." முடிக்காம என் மூஞ்சியைப் பார்த்துச்சு.

மருந்துக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். ஆமாம்மான்னு ஒரு வார்த்தை போதும். அந்தப் பொண்ணு டிக்கெட் எடுத்து ஊர் போய்ச் சேர்ந்துடும்.

"இல்லம்மா," என்றேன். "அந்தத் துண்டு ஒரு வாரமா அங்கேயேதான் தொங்குச்சு. எடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். மாடி ஏற அலுப்புப்பட்டு. நீ போன் பண்ணப்போ அவர் விழுந்து கிடந்தார். உயிரோட இருந்தார்."

அழும்னு நெனச்சேன். அடிக்கும்னுகூட நெனச்சேன். அது விரலைக் கட்டத்துல இருந்து எடுக்கவே இல்ல.

"நான் செருப்பு மாட்டிட்டேண்ணா," என்றது. "வாசல்ல நின்னுதான் போன் பண்ணேன். வேணாம்னதும் கழட்டி வச்சேன்."

அப்புறம், "இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டது. கோபமாக் கேக்கல. நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டது. பட்டியலை நாலா மடிச்சு கைப்பையில வச்சுக்கிட்டுப் போயிடுச்சு.

கிளப்புல அந்த வேலையை எங்கிட்டேயிருந்து எடுத்துட்டாங்க. யாரும் திட்டல. கேரம் ஆடக் கூப்பிடறதும் இல்ல. இப்போ ரெண்டாவது மாடித் தையல்காரம்மாதான் காலையில வர்றாங்க.

முதல் நாள் ஒன்பது மணிக்கு என் கதவைத் தட்டினாங்க. என் துண்டு கம்பியில ஒழுங்காத்தான் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

"இருக்கேம்மா," என்று படுக்கையில இருந்தே குரல் கொடுத்தேன்.

"எந்திரிச்சு வாங்க," என்றாங்க. "மூஞ்சியைப் பார்த்தாத்தான் டிக்."

எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்தேன். அவங்க என்னை மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. டிக் போட்டுட்டு அடுத்த மாடிக்குப் படி ஏறினாங்க.