சத்தம் போடாத போன் பெட்டி

பெங்களூரு லேபிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் போன் வரவேண்டும். என் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று மணியாகியும் வரவில்லை.

எங்கள் ஓசூர் கம்பெனியில் மைக்ரோவேவ் அலைகளை விழுங்கும் தகடு செய்கிறோம். ரப்பரில் செராமிக் பொடியைக் கலந்து அழுத்தினால் தோசைக்கல் நிறத்தில் தகடு வரும். ரேடார் செய்கிறவர்கள் வாங்குவார்கள். பொடி நூற்றுக்கு அறுபது பங்கைத் தாண்டினால் தகடு நொறுங்கும் என்பது சூப்பர்வைசர் ஜெகதீஷின் கட்சி. மெதுவாகக் கலக்கினால் எழுபதும் போடலாம் என்பது என் கட்சி. சண்டை போட்டு ஒரு பேட்ச் ஓட்டி, தகட்டைச் சோதிக்க அந்த லேபுக்கு அனுப்பினேன். பாஸானால் மிக்ஸிங் மெஷின் எனக்கு. இல்லையென்றால் மறுபடி பேக்கிங்கில் டேப் ஒட்ட வேண்டும். மூன்று வருடம் ஒட்டியாயிற்று, போதும் சாமி.

“ஃபெயிலுன்னு சொல்ல அவங்களுக்கே சங்கடமா இருக்கும், விடும்மா வினோதா” என்றார் ஜெகதீஷ். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது கேட்டிலிருந்து செக்யூரிட்டி ராமப்பன் மூச்சிரைக்க வந்தார். “லேப்காரரு ஆபீஸ் நம்பருக்கு அடிச்சாரும்மா. காலைலருந்து உன் போனுக்கு லைனே போவலயாம். திரும்பக் கூப்புடணுமாம்.”

உள்ளே வரும்போது எல்லோரும் போனை வாசலிலுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட வேண்டும். மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்போம். தினமும் கல்யாண வீடு மாதிரி அலறுகிற பெட்டி இன்று மூச்சுவிடவில்லை.

ஏன் என்று உறைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போன் கண்ணாடிகளில் கீறல் விழக்கூடாதென்று, மீந்துபோன தகட்டுத் துண்டுகளை நேற்று அந்தப் பெட்டிக்குள் ஒட்டியவள் நானேதான். அடியில், நாலு பக்கமும், மூடியிலும். எல்லாம் என் எழுபது பங்குத் தகடு! போன் சிக்னலும் மைக்ரோவேவ் அலைதானே, மொத்தத்தையும் விழுங்கிவிட்டது.

ஜெகதீஷை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

“சார், உங்க போனு உள்ளதான இருக்கு? ராமப்பண்ணா, சாருக்கு அடிங்க.”

ராமப்பன் ஸ்பீக்கரில் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். அரை அடி தூரத்தில்! மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்டு கால் மெசேஜ்கள் வந்து விழ, பதினேழு போன்களும் மாற்றி மாற்றிக் கூவின. நான் குதித்தேன்.

லேபுக்கு அடித்தேன்.

“எங்கம்மா இருக்கீங்க, சானமாவு காட்டுக்குள்ளயா? பாஸுன்னு சொல்றதுக்கு எத்தன வாட்டி கூப்புடறது?” என்றார் லேப்காரர்.

ஜெகதீஷ் மிக்ஸிங் மெஷின் சாவியை என் கையில் வைத்தார். பிறகு தன் போனைப் பார்த்தார், முகம் வெளுத்தது.

“அம்மா தாயே, மொதல்ல அந்தத் தகட்ட உரி. என் வீட்டுக்காரி இருவத்திரெண்டு வாட்டி கூப்ட்ருக்கா!”