ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி

தமிழரசுவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கம்பெனி, எத்தனை பிள்ளைகள், சொந்த வீடா வாடகை வீடா என்று அவர் இறங்குவதற்குள் கேட்டு முடித்துவிடுவான். அப்படிப்பட்டவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் சும்மா இருப்பானா? சேர்ந்த அன்றைக்கே அந்தப் பொது வார்டில் எல்லோரும் அவனுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இடது முழங்காலுக்குக் கீழே அவனுக்கு எலும்பில் சீழ் பிடித்திருந்தது. போன மழைக்காலத்தில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தபோது உடைந்த கால். பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறினது போல ஆறி, ஓர் ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. கசிந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "போன தபா குடுத்தியே, அத்தே குடு" என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். கசிவு நின்றால் மாத்திரையும் நிற்கும். மறுபடி கசியும். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வீரியமான மாத்திரையாகக் கேட்பான். இப்படியே மாதங்கள் ஓடி, விட்டு விட்டுக் காய்ச்சலும் வந்த பிறகு, அவன் மனைவி கன்னியம்மாள் அழுது ஆர்ப்பாட்டம் செய்துதான் அவனைப் பூந்தமல்லி சாலையில் இருந்த இந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் பிரசன்னா. சாத்தான்குளம் பக்கத்துப் பையன். ஐடி கம்பெனி வேலை, ஐயப்பன்தாங்கலில் நண்பர்களோடு ஃபிளாட். மாங்காடு போகும் வழியில் பைக் சறுக்கி, வலது கையும் தொடை எலும்பும் முறிந்து வந்திருந்தான். தொடையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் தன் மாமியாரை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் அவன் அம்மா கிளம்ப முடியும். நண்பர்கள் வேலை முடிந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. அதனால் அவனுக்கு இட்லி ஊட்டுவது, தலை சீவிவிடுவது, போர்வையை இழுத்து மூடுவது எல்லாம் தமிழரசுதான்.

"நீயே நடக்க மாட்டாம கீறே, உனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வேலை?" என்பாள் கன்னியம்மாள்.

"புள்ள இடது கையால தின்னத் தெரியாம முழிக்குது, பாத்துகினு இருக்கச் சொல்றியா?"

பிரசன்னாவும் முதலில் கூச்சப்பட்டான். பிறகு அண்ணே அண்ணே என்று ஒட்டிக்கொண்டான்.

ஒருநாள் காலையில் ஜெபா சிஸ்டர் வந்தாள். மற்ற நர்சுகளைப் போல அவள் ஊசி போட வருகிறவள் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவள் வேலை. எப்போதும் சிரித்துக்கொண்டு வருகிறவள், அன்றைக்குக் கையுறையும் மேலே ஒரு நீல அங்கியும் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அருகில் நின்றாள்.

"அண்ணா, உங்க சீழை டெஸ்டுக்கு அனுப்பினோம்ல, ரிசல்ட் வந்திருக்கு. உங்களைத் தனி ரூமுக்கு மாத்தணும்."

தமிழரசு சிரித்தான். "தனி ரூமா? நான் இன்னா மந்திரியா? எனக்கு இங்கயே ஷோக்கா கீது சிஸ்டர்."

அவள் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் படுத்திருந்த விரிப்பைத் தனிப் பையில் போட்டுக் கட்டியதை வார்டு மொத்தமும் பார்த்தது. புது அறையின் கதவில் தொற்று எச்சரிக்கையாக ஒரு மஞ்சள் அட்டை. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். போகும்போது கழற்றி எறிந்துவிட்டுப் போனார்கள். அவனைத் தொட்ட கையுறையை அவன் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்று தட்டைக் கன்னியம்மாளிடம் நீட்டினான்.

அன்றைக்குத் தமிழரசு சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கன்னியம்மாள் எத்தனை முறை கூப்பிட்டும் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஜெபா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்படி ஒதுக்கி வச்சிட்டீங்களே சிஸ்டர்," என்றான் அவன். "நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"உங்களை ஒதுக்கலண்ணா. கிருமியைத்தான் அடைச்சு வச்சிருக்கோம். அது உங்க கால்ல உக்காந்துட்டு இருக்கே, நான் என்ன பண்ண?" அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "சாதாரணக் கிருமின்னா மருந்து போட்டா செத்துரும். இது மருந்துக்குப் பழகிப்போன கிருமி. நாங்க வச்சிருக்கற ஆன்டிபயாடிக் அத்தனையையும் வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கொஞ்சம் அடங்குது. இது வார்டுல இன்னொருத்தருக்குப் போச்சுன்னா, அவருக்கும் அந்த ஒரு மருந்துதான்."

தமிழரசு மெதுவாகக் கேட்டான். "நான் மெடிக்கல்ல வாங்கித் துன்ன மாத்திரையாலயா?"

"அதுவும் சேர்ந்திருக்கும். ஆனா அது மட்டும்னு சொல்ல முடியாது. நீங்க ஒரு ஆளு செஞ்சு ஆகுற காரியமா இது? டாக்டருங்க தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதிக் குடுக்கறாங்க. கோழிக்குத் தீவனத்துல கலந்து போடறாங்க. சாக்கடையில, ஏரியில கலக்குது. ஒரு நாட்டுல உண்டான கிருமி பிளைட் ஏறி இன்னொரு நாட்டுக்குப் போகுது. உலகம் பூரா இதே பாடுதான்."

அவள் போன பிறகும் அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய டாக்டர் கை கழுவாமல் அவசரமாக உள்ளே நுழைந்தார். வாசலில் நின்ற ஜெபா, "சார், கை" என்றாள். அவ்வளவுதான். அவர் ஒரு நொடி முறைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். தமிழரசுவுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் போலிருக்கிறது.

ஆனாலும் தனிமை அவனைத் தின்றது. ஒரு மத்தியானம் கன்னியம்மாள் துணி துவைக்கப் போயிருந்தபோது வாக்கரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பிரசன்னாவை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு. நடைபாதை காலியாக இருந்தது. வார்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

பிரசன்னா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் வாக்கரையும் கால் கட்டையும் வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். சரசாம்மா, பிரசன்னாவின் தாயார்.

"நீங்கதானா அந்த அண்ணாச்சி? போன்ல உங்க பேச்சாத்தான் இருக்கும். உள்ள வாங்க, ஏன் வெளியவே நிக்கிய?"

தமிழரசுவின் கை வார்டுக் கதவுக்குப் போனது. கைப்பிடிக்கு அருகில் போய் நின்றுவிட்டது. அந்தப் பையனுக்கு எதனால் காய்ச்சல் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜெபா சொன்ன 'அந்த ஒரு மருந்து' நினைவுக்கு வந்தது.

"இல்லம்மா. நான் வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அவன் பயந்ததுதான் நடந்தது. பிரசன்னாவின் தொடைப் புண்ணிலும் அதே கிருமி என்று ரிசல்ட் வந்தது. ஜெபாவே வந்து சொன்னாள். தமிழரசு அப்படி உடைந்து அழுவான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நாந்தான் சிஸ்டர் குடுத்தேன். இந்தக் கையாலதான் ஊட்டினேன். பாவம் புள்ள, ஊரு வுட்டு ஊரு பொழைக்க வந்த புள்ள."

ஜெபா அவனை அழவிட்டாள். பிறகு சொன்னாள்: "உங்களுக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேண்ணா. உங்ககிட்டேருந்து போயிருக்கலாம். எங்க நர்சுங்க கையிலேருந்தும் போயிருக்கலாம். ரெண்டு பேருக்கும் கட்டு மாத்தினது ஒரே ஆளுங்கதான். அந்த வார்டு வாஷ்பேசின் குழாயிலயும் இந்தக் கிருமி இருந்துச்சு, அதைப் பெயர்த்து எடுத்துட்டோம். எங்கேருந்து எங்க போச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. உங்களுக்கு டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாலயே நாங்க முழிச்சிருக்கணும். அது எங்க மேலதான்."

வேறு தனி அறை காலியாக இல்லை. இருவருக்கும் ஒரே கிருமி என்பதால் ஒரே அறையில் வைக்கலாம் என்றார்கள். சாயங்காலமே பிரசன்னாவின் கட்டிலை உருட்டிக்கொண்டு வந்து தமிழரசுவுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

இத்தனை நாளாகப் பார்க்க ஏங்கிய முகம். இப்போது தமிழரசுவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிரசன்னாவும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சரசாம்மாதான் வழக்கம்போல, "சாப்ட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டார். கன்னியம்மாள் அவருக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள். பெண்கள் இருவரும் தாழ்ந்த குரலில் ஊர்க்கதை பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் தமிழரசு பேச்சை ஆரம்பித்தான். "தம்பி, எம்மேல கோவம் இருந்தா திட்டிடு நைனா. பேசாம மட்டும் இருக்காதே."

பிரசன்னா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோவம் இருக்கத்தான் செய்யுதுண்ணே. யாரு மேல படணும்னுதான் தெரியல. போன வருஷம் சளி பிடிச்சப்போ நானும் ஆன்லைன்ல ஆன்டிபயாடிக் வரவழைச்சுப் போட்டேன். டாக்டரைப் பாக்க நேரமில்லன்னு. ரெண்டு நாள்ல நிறுத்திட்டேன். நான் யாருக்குக் குடுத்தேனோ, யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். முன்னைப் போலச் சிரித்துச் சிரித்து இல்லை. காய்ச்சல் இல்லாத நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக.

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்தை இருவருக்கும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. வேறு வழியில்லாமல்தான் அதைத் தொடுகிறோம் என்றார் டாக்டர். பிரசன்னாவின் இளம் உடம்பு தாங்கியது. காய்ச்சல் இறங்கி, புண் ஆறும் அடையாளமாகச் சிவந்து வந்தது. தமிழரசுவுக்கு முகம் வீங்கியது, சிறுநீர் குறைந்தது, காலில் சீழ் மட்டும் நிற்கவில்லை. மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும், நிறுத்தினால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும், அதற்குள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் ஒரே வழி என்று சொன்னார் டாக்டர்.

கன்னியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தமிழரசு தன் காலைப் பார்த்தான். பிறகு பிரசன்னாவிடம், "ஆட்டோவுக்கு கியரும் கிளட்சும் இடது கையில கீது. பிரேக்கு வலது கால்ல. இடது காலு சும்மாதான் உக்காந்துகினு வந்துச்சு இத்தினி வருசமா," என்றான். பிரசன்னா கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, எட்டாத தூரத்தை எட்டி, அவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரே கிருமி என்பதால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கால் போனது. உயிர் நின்றது. வலித்த நாட்களைப் பற்றித் தமிழரசு பிறகு யாரிடமும் பேசியதில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் ஜெபா வந்து அங்கியில்லாமல் வாசலில் நின்று பேசினாள்.

"புண் ஆறிடுச்சு. ஆனா அந்தக் கிருமி குடலுக்கும் பரவி அங்க கொஞ்ச நாளைக்குத் தங்கியிருக்கலாம். வீட்டுல பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாரோடயும் இருங்க, சாப்பிடுங்க. கக்கூஸ் போனா, சாப்பிடப் போனா சோப்பு போட்டுக் கை கழுவுங்க, அது போதும். ஆனா எந்த ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சாலும் முதல்ல இதைச் சொல்லிடணும். நீங்க சொல்லலன்னா அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"சொன்னா தள்ளி நிப்பாங்களே சிஸ்டர்."

"சில பேர் நிப்பாங்க," என்றாள் அவள். "ஆமா."

செயற்கைக் கால் பொருத்தும் மையத்துக்கு அவனைப் பிரசன்னாதான் அழைத்துப் போனான். கைத்தடி ஊன்றி அவனே இன்னும் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தான். கூட்டமாக இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திருநின்றவூர்க்காரர். சர்க்கரையில் கால் போனவர். ஐந்து நிமிடத்தில் அவர் மகள் கல்யாணம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. பழைய தமிழரசு திரும்பி வந்துவிட்டான் என்று பிரசன்னா நினைத்துக்கொண்டான்.

அப்போது சீட்டுப் பதிகிற பெண் பேரைக் கூப்பிட்டாள். எழுந்து நின்ற தமிழரசு ஒரு கணம் அந்தத் திருநின்றவூர்க்காரரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கலாம். ஆனால் கூடத்தின் இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டுமானால் உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

"எனக்கு மருந்துக்கு அடங்காத கிருமி இருந்துச்சும்மா. இப்பயும் உடம்புல இருக்கலாம்னு சொல்லிக்கீறாங்க. கையுறை போட்டுகினு பாக்கச் சொல்லு."

பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். திருநின்றவூர்க்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தயங்கி, அவரும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். தமிழரசுவின் முகம் சுருங்கியது. வெறும் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தான். பிரசன்னா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வுடு தம்பி," என்றான் தமிழரசு. "அவருக்கும் புண்ணு ஆறணுமில்ல."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்கண்ணே, அளவு எடுத்துரலாம்" என்று அவன் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். உள்ளே போகும் வழியிலேயே தமிழரசு அவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது வெளியே பிரசன்னாவுக்குக் கேட்டது.