எங்க பக்கத்தோட முறை

என் தங்கச்சி வாசல்ல வந்து நின்னு ரொம்ப நேரமாச்சு. பெல்லை அடிக்க மாட்டேங்கிறா. கதவுல இருக்கிற சின்ன ஓட்டை வழியா நான் பாத்துட்டே நிக்கிறேன். நான் பாக்கிறேன்னு அவளுக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போன அன்னைக்குப் பாத்தது, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் வர்றா. ஆளு பாதியா எளைச்சுட்டா.

முன்னாடியெல்லாம் வெயில் காலத்துல கரண்ட் பத்தலைன்னா ஆபீஸ்ல இருக்கிறவங்க இஷ்டத்துக்கு அணைப்பாங்க. பெரிய மனுஷங்க தெருவுல மட்டும் ஃபேன் நிக்கவே நிக்காது. ஜனங்க கூப்பாடு போட்டாங்க, அப்புறம்தான் மின்சார ஆணையத்துல இந்தப் புது ஏற்பாடு வந்துச்சு. குலுக்கல் போட்டு நம்மள மாதிரி ஆளுங்களப் பொறுக்கி, ஒரு ரூம்ல உக்கார வெச்சு, எந்தப் பகுதிக்கு எப்ப நிறுத்தலாம்னு அவங்களையே முடிவு பண்ணச் சொல்றது. என் தங்கச்சி பேரு விழுந்துச்சு. அவ தையல்காரி. எங்க வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? "இத்தனை நாளா துணிக்குக் கத்திரி போட்டா, இனிமே ஊருக்கே போடப் போறா டோய்!"னு ஒரு வாரம் அவளைப் பிச்சு எடுத்துட்டாரு. உள்ளுக்குள்ள அவ்வளவு பெருமை மனுஷனுக்கு.

அங்க அவங்க கையில குடுத்த மேப்புல தெரு பேரே கிடையாதாம், வெறும் நம்பர்தானாம். யாரும் சொந்த வீட்டுக்குச் சாதகமா பேசிடக் கூடாதுல்ல. ஆனா இவளுக்கு வெட்டி வெட்டிப் பழகின கண்ணு. ரயில் ரோடு வளையிற வளைவைப் பாத்ததுமே எங்க ஏரியான்னு பிடிச்சுட்டா. எங்க வரிசைக்கு மத்தியானம் நிறுத்தறதுன்னு பேச்சு. எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க, வீடு காலியா கெடக்கும்னு ஒரு கணக்கு. சாப்பாட்டு நேரத்துல வெளிய வந்து போன் பண்ணினா. எனக்கில்ல, அவருக்கு.

"மாமா, உங்களுக்கு வேற நெஞ்சு சரியில்ல. உங்க ஏரியா வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"ஏம்மா, ஊருக்கு ஒரு நியாயம், உங்க அக்கா வீட்டுக்கு ஒரு நியாயமா? சிக்னல்ல எல்லாருக்கும் அவசரம்தான். ஒருத்தன் நின்னாத்தான் இன்னொருத்தன் போக முடியும். போ, சரின்னு கையைத் தூக்கிட்டு வா."

பஸ் ஓட்டினவரு, எல்லாத்துக்கும் ரோட்டு நியாயம்தான். நான் பக்கத்துலயே பாத்திரம் தொடைச்சுட்டு இருந்தேன். வீட்டுல நோயாளி இருக்காங்கன்னு எழுதிக் குடுத்தா பேட்டரி தர்றாங்களேன்னு கேட்டதுக்கும், "நான் என்னடி நோயாளியா? மலைப்பாதையில வண்டி ஓட்டினவன்"னு வாயை அடைச்சுட்டாரு.

எங்க முறை வந்த அன்னைக்கு அடிச்ச வெயிலு சாமானியப்பட்டதில்ல. மாடி வீடு, மேல தகரம். ஃபேன் நின்னதும் அட்டைப்பெட்டி மூடியை எடுத்து விசிற ஆரம்பிச்சேன். வேர்வை ஆறா ஊத்துது அவருக்கு. டாக்டர்கிட்ட போலாம்னேன். "கொஞ்சம் பொறுடி, இப்பல்லாம் சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்துரும்"னாரு. அதுதான் கடைசிப் பேச்சு. சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துச்சு கரண்ட்டு. ஃபேன் சுத்துது, அவரு தலைமுடி காத்துல பறக்குது. நான் பாவி, மனுஷன் அசந்து தூங்குறாருன்னு சத்தம் போடாம பாத்துட்டு இருந்தேன்.

கதவைத் திறந்தேன். வந்து உக்காந்தா. தண்ணி குடுத்தேன், குடிக்கல.

"அக்கா, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு. நீ இப்படி ஊமையா இருக்கிறது எனக்குத் தாங்கல."

திட்ட வருதா எனக்கு? தூக்கி வளத்த புள்ள. அவ முகத்தைப் பாத்தா அந்தத் தூக்கின கைதான் கண்ணு முன்னாடி நிக்குது. பாக்கலைன்னா அவளைத் தவிர எனக்கு யாரு இருக்கா?

"அடுத்த வெயிலுக்கும் என்னையே வரச் சொல்றாங்க. மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா போறேன்க்கா. இந்தத் தடவை உன் வீட்டு மேல கை வைக்க விடமாட்டேன். யாரு என்ன சொன்னாலும் சரி."

நெஞ்சுக்குள்ள ஒரு நிமிஷம் இனிச்சுதுன்னு சொன்னா நம்புவீங்களா? அடுத்த நிமிஷம் என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா?

"அப்ப யாரு வீட்டை அணைப்படி?"

 

அந்த நேரம் பாத்து எதிர் வரிசைக்கு அணைஞ்சுது. அவங்களுக்குச் சாயங்கால முறை. ஒவ்வொரு பால்கனியா ஆளுங்க வெளிய வந்தாங்க. ஒருத்தி கைக்குழந்தையோட. நேர் எதிர்ல ஒரு பெரியவரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டை பட்டனைக் கழட்டிட்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாரு. என் தங்கச்சி எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போனா. கம்பியைப் பிடிச்சுட்டு அவரையே பாத்தா. திடீர்னு தொண்டை கிழியக் கத்துறா.

"ஐயா! இங்க வாங்க! இங்க கரண்ட் இருக்கு! ஐயா!"

கீழ ரோட்டுல பஸ்ஸும் லாரியும் போற சத்தத்துல அவருக்கு என்ன கேக்கும்? இவ விடல, கூப்பிட்டுட்டே இருந்தா. அவரு ஒரு கையைக் காதுல வெச்சுக்கிட்டு, என்னமோ நலம் விசாரிக்கிறான்னு நெனச்சு, சிரிச்ச முகமா தலையைத் தலையை ஆட்டிட்டு இருந்தாரு.