கூரை: இல்லை

ஆனி மாதத்தின் கடைசி நாள் காலை ஆறரை மணிக்கு என் வீட்டுக் கூரையின் முதல் ஷீட்டை நானே கழற்றினேன். போல்ட்டுகள் துருப்பிடித்து ஷீட்டோடு ஒட்டிப்போயிருந்தன. ஸ்பேனருக்கு மசியவில்லை. ஆக்ஸா பிளேடு வாங்கிவந்து ஒவ்வொன்றாக அறுத்தேன். மேஸ்திரி செல்வகுமாரின் ஆட்கள் இரண்டு பேர் கீழே நின்று வாங்கினார்கள். பன்னிரண்டு மணிக்குள் பதினெட்டு ஷீட்டும் தெருவில் சுவரோரம் சாய்ந்து நின்றன. வீட்டுக்குள் வெயில் இறங்கியது. இருபத்திரண்டு வருடமாக இருண்டு கிடந்த சமையல் மூலையில் சுவர் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். என் மனைவி கலியம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, மேலே நின்ற என்னை அண்ணாந்து பார்த்தாள். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாகச் சொல்லித் தீர்த்திருந்தாள்.

ஏன் அன்றைக்கே பிரித்தேன் என்றால், மறுநாள் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். ஆனால் ஆனியிலேயே கை வைத்துவிட்டால் வேலை ஆனியில் ஆரம்பித்த கணக்கு. அதற்கப்புறம் ஆடி முழுக்கச் செய்யலாம், தப்பில்லை. எல்லோரும் செய்கிற தந்திரம்தான் இது. அவசரமென்றால் ஆனி முடிவதற்குள் ஒரு செங்கல்லையாவது பெயர்த்து வைத்துவிடுவார்கள். நான் அதிபுத்திசாலி. ஒரு செங்கல்லோடு நிறுத்தியிருக்கலாம். மொத்தக் கூரையையும் பிரித்தேன்.

எங்கள் ஊர் வடக்குத்து மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கம். நான் அங்கே இருபத்தாறு வருடமாக கான்ட்ராக்ட். வெட்டின மண்ணைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுகிற வேலை. பர்மனென்ட் ஆகும், ஆகும் என்று இருந்தேன். அது ஆகவில்லை. சுரங்கம்தான் எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. ஊரை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், ஆவணியில் வீடு வீடாக வந்து அளப்பார்கள் என்று பேச்சு. வீட்டுக்கு மதிப்புப் போடும்போது முதலில் கூரையைத்தான் பார்ப்பார்களாம். ஷீட் வீட்டுக்குக் கிடைக்கிற பணத்தில் முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு மனை வாங்கலாம். தளம் போட்ட வீடென்றால் மனையும் வாங்கி, மேலே இரண்டு அறையும் எழுப்பிவிடலாம். டீக்கடையில் இதைக் கேட்ட மாத்திரத்தில் தெருவே தளம் போட ஆரம்பித்தது. எதிர்வீட்டு அன்புக்கரசி வைகாசியிலேயே போட்டுவிட்டாள். தினமும் அவள் மொட்டைமாடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"இடிக்கப் போற வூட்டுக்கு எதுக்குய்யா புதுக் கூர? ஜேசிபிக்காரன் என்ன, கூரயப் பாத்து கும்புட்டுட்டா இடிப்பான்?" என்றாள் கலியம்மாள்.

"போட்டது ரெட்டிப்பா திரும்பி வரும். சங்கிலிய மூட்டுத் தந்துடறேன்."

"நீ மூட்டுக் குடுத்தத நான் எப்பப் பாத்தேன்?"

மூன்று பவுன் சங்கிலி. அவள் அம்மா வீட்டில் போட்டது. கழற்றித் தரும்போது கொக்கி முடியில் சிக்கிக்கொண்டது. நான் எடுத்துவிடப் போனேன். தள்ளி நின்று தானே எடுத்துக்கொண்டாள். அதை அடகு வைத்த பணத்தில் கம்பி வந்தது, ஜல்லி வந்தது, சிமென்ட் மூட்டைகள் வந்து அன்புக்கரசி வீட்டு மாடிப்படிக்குக் கீழே அடுக்காக ஏறின. பழைய ஷீட்டுகளை வடக்குத்தில் பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கிற கமாலுதீன் பாய் எடுத்துக்கொண்டார். ஒன்று எண்பது ரூபாய். அந்தக் காசில் தார்ப்பாய் வாங்கினேன். அஞ்சே நாள், தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் பலகை வந்ததும் தளம் போட்டுவிடலாம் என்று செல்வகுமார் சொல்லியிருந்தான்.

அந்த அஞ்சு நாள் வரவே இல்லை. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது பலகைக்கு எங்கே போவது? போன் செய்தால், "மேல்பட்டாம்பாக்கத்துல நிக்கிதுண்ணே, அங்க ஒருத்தன் வாடக ஜாஸ்தி குடுத்து நிறுத்திக்கினான்" என்பான். அடுத்த நாள் போனையே எடுக்கமாட்டான். ஆடிக் காற்று தார்ப்பாயை இரண்டு தடவை கிழித்தது. சோற்றில் மண், பாயில் மண், குடத்துத் தண்ணீரில் மண். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற என் மகள் இசைப்பிரியா துணி மாற்ற எதிர்வீட்டுக்குப் போய்வந்தாள். 

ஆடி பன்னிரண்டாம் தேதி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு சைக்கிளை நிறுத்தினேன். அன்புக்கரசி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அண்ணே, நாளைக்கி காலைல நம்ம தெருவ அளக்கறாங்களாம். ஆவணின்னாங்க, இப்பவே வராங்க. நீ மேல ஏதாச்சும் போடு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வடக்குத்துக்கு மிதித்தேன். கமாலுதீன் பாய் கடைமுன்னால் பழைய ஜன்னல்களுக்கு நடுவே உட்கார்ந்து மாலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்தார்.

"பதினெட்டுல ஏழு போயிட்டுது தனகோடி. மாட்டுக் கொட்டாய்க்கின்னு ஒருத்தர் ஏத்திக்கினு போயிட்டாரு. பதினொண்ணுதான் கெடக்குது."

"அத குடுங்க பாய்."

"எடுத்துக்க. காசு இப்ப வாணாம்." எழுந்துவந்து ஒரு ஷீட்டைத் திருப்பி, நான் பிளேடால் அறுத்த இடங்களை விரலால் தடவினார். போல்ட் ஓட்டைகள் எல்லாம் விளிம்பு வரை பிளந்திருந்தன. "ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன். இத மாட்ட முடியாது. வெக்கத்தான் முடியும்."

அவருடைய வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். விடிந்ததும் நான் சுவர்மேல் ஏறினேன். கலியம்மாளும் இசைப்பிரியாவும் கீழேயிருந்து தூக்கிக் கொடுத்தார்கள். கலியம்மாள் ஷீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். பதினொன்றை வைத்துப் பாதி வீட்டைக்கூட ஒழுங்காக மூட முடியவில்லை. காற்று தூக்காமலிருக்க மேலே கல் வைத்தேன், உரல் குழவியை வைத்தேன், வாசலில் மிதியடியாகக் கிடந்த சுரங்கத்துப் பழைய பெல்ட் துண்டையும் வைத்தேன். இறங்கித் தெருவில் நின்று பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீடு போலத்தான் இருந்தது. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் டேப், ஒருவர் கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா. டேப்லெட் வைத்திருந்தது இசைப்பிரியாவைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாள். திட்டியிருந்தாலாவது நானும் திட்டியிருப்பேன். டேப் பிடித்தவர் அன்புக்கரசி வீட்டு மாடியில் ஏறி எங்கள் கூரையைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பெண்ணின் காதருகே ஏதோ சொன்னார்.

"அண்ணா, இது மாட்டலயே. சும்மா வெச்சிருக்கீங்க" என்றாள்.

"இருந்துதும்மா. இருவத்திரெண்டு வருசமா இருந்துது. தானே புயலுக்கே அசையல. தளம் போடணும்னு இப்பதான் பிரிச்சேன். பதிமூணு நாளுதான் ஆவுது. தெருவுல யார வேணாலும் கேளுங்க."

"நீங்க சொல்றத நான் நம்பறேண்ணா. ஆனா இன்னிக்கி என்ன இருக்குதோ அதத்தான் போட முடியும். முன்னாடி கூர இருந்த மாதிரி போட்டோ எதுனா இருக்குதா?"

இசைப்பிரியா போனில் தேடினாள். கலியம்மாள் இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் கல்யாணப் போட்டோ, இசைப்பிரியா மொட்டை போட்ட போட்டோ, அவள் வயசுக்கு வந்தபோது சீலை கட்டி உட்காரவைத்த போட்டோ. எல்லாவற்றிலும் முகம் இருந்தது. கதவு இருந்தது, காலண்டர் இருந்தது, வாழைமரம் கட்டிய வாசல் இருந்தது. கூரை மட்டும் எதிலுமே இல்லை. கூரையை எவன் போட்டோ எடுத்துவைப்பான்? கடைசியில் ஒன்று கிடைத்தது. சீலை கட்டிய மகளின் தலைக்கு மேலே, ஓரத்தில், கையகலத்துக்கு ஒரு ஷீட்டின் நுனி. கலியம்மாள் அதை விரலால் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிஜமாகவே உற்றுப் பார்த்தாள்.

"இது இந்த வீடுதான்னு இத வெச்சு எப்படிங்க சொல்றது?"

டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கூரை என்று போட்டு, கீழே வரிசையாக தளம், ஓடு, ஷீட், கீற்று, இல்லை என்று ஐந்து இருந்தன. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகுமாம்.

"ஷீட்டு வாணாம். கீத்துன்னாவது போடும்மா" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது. தளம் போட ஆசைப்பட்டவன், கீற்றுக் கூரைக்குக் கெஞ்சினேன்.

"கீத்து எங்கண்ணா இருக்குது?" என்றாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டத்தோடுதான் கடைசியில் இருந்ததைத் தொட்டாள். "கூர இல்லன்னா வூட்டுக் கணக்குல வராது. சுவருக்கு மட்டும் மதிப்பு போடுவாங்க. மாத்து மனையும் கெடைக்காது. திங்கக்கெழம மனு குடுத்துப் பாருங்க, ஆதாரம் வெச்சு."

பெயின்ட் டப்பாக்காரர் வாசல்நிலைக்குப் பக்கத்தில் 114 என்று எழுதினார். பெயின்ட் கொஞ்சம் வழிந்தது. கலியம்மாள் போய்ப் புடவைத் தலைப்பால் வழிந்ததை மட்டும் துடைத்துவிட்டாள்.

மனுவோடு கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று திங்கட்கிழமை போனேன். மூன்று நாள் ஷிஃப்ட் போனது. அந்தக் கையகல ஷீட் நுனியை ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். ஜெராக்ஸில் அது வெறும் கறுப்பாக விழுந்தது. பதில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஆவணி பிறந்து இரண்டாம் நாள் டிராக்டர் சத்தம் கேட்டது. செல்வகுமார் சென்ட்ரிங் பலகையும் முட்டுக்கட்டைகளும் ஏற்றிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து இறங்கினான். "நல்ல நாளுண்ணே, ஏத்திடலாமா?" என்றான். சண்டாளா, எங்கேடா போயிருந்தே என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அடித்திருப்பேன். ஆனால் அவனுடைய ஆட்கள் மூன்று பேர் காலை வெயிலில் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு முன்னால் அடிக்கக் கை வரவில்லை.

"திருப்பி எடுத்துக்கினு போ. எங்களுக்கு வூடே இல்லன்னு எழுதிட்டாங்க. இனிமே போட்டா ஒத்தப் பைசா தேறாது."

"பலகைக்கி குடுத்த அட்வான்ஸ் திரும்ப வராதுண்ணே. கம்பியும் வளச்சாச்சு."

கலியம்மாள் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்.

"எறக்குங்கப்பா."

"உனக்கு என்னா பைத்தியமா?" என்றேன்.

"பைத்தியம் எனக்கில்ல. ஐப்பசி மழ வருது. அவுங்க எப்ப வந்து எடுப்பாங்களோ, ரெண்டு மாசமோ ரெண்டு வருசமோ. அது வரிக்கும் பொண்ண வெச்சிக்கினு வெறும் சுவத்துக்குள்ளயா குந்திக்கினு இருக்கறது? எஞ் சங்கிலி போனது போனதுதான். அது கம்பியா, ஜல்லியா கெடக்கறத்துக்கு, தலைக்கு மேல கெடக்கட்டும்."

சிமென்ட் மூட்டைகளில் ஒன்பது கட்டிதட்டிப்போயிருந்தன. அதற்கும் கடன். தளம் போட்ட அன்று வழக்கப்படி ஆட்களுக்குக் கறிச்சோறு போட்டோம். ஒருத்தன், "நல்ல உறுதியாக் கீதுண்ணே, அம்பது வருசத்துக்கு அசையாது" என்றான். நான் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

தளம் காய்ந்து வெடிக்காமலிருக்க மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். இருபத்தொரு நாள். காலையில் ஷிஃப்டுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் நான் ஏணியில் ஏறினேன். கலியம்மாள் கீழேயிருந்து குடம் தூக்கித் தந்தாள். இதை எவனுக்காகக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறோம் என்று எரிச்சல் வரும். ஆனாலும் ஓரத்தில் ஒரு சாண் காய்ந்திருப்பது கண்ணில் பட்டால் கை தானாக அங்கே ஊற்றும். மேலே நின்றால் மண்மேடு தெரிந்தது. அதற்கப்பால் சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய மெஷினின் சக்கரம் சுற்றுவதும் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதென்று கீழே இருந்தபோது தெரியவில்லை.

பதினான்காம் நாள் சாயங்காலம் எனக்கு ஒன்று தோன்றியது. இசைப்பிரியாவை எதிர்வீட்டு மாடிக்குப் போகச் சொன்னேன்.

"போட்டோ எடு. கூர முழுசா தெரியணும்."

"அளந்ததுக்கு அப்பறம் போட்டது கணக்குல வராதுப்பா. மனு குடுத்தப்பவே சொன்னாங்கல்ல."

"தெரியும். எடு."

அவள் ஏறி, அன்புக்கரசியின் காய்ந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றாள். நானும் கலியம்மாளும் பாத்தித் தண்ணீரில் கால் நனைய நின்றிருந்தோம். கலியம்மாள் ஈரப் புடவையை உதறி, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். கழுத்தில் மஞ்சள்கயிறு மட்டும்தான் இருந்தது. அதைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள்.

இசைப்பிரியா போனை உயர்த்தினாள். அப்புறம் தாழ்த்தினாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க. கூர மட்டும் வரணும். ஆள் நின்னா மறைக்கிது."

சரிதான். நான் முதலில் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டேன், கலியம்மாள் இறங்கினாள். சாயங்கால வெயில் முகத்தில் அடித்ததால் உள்ளே போனோம். பலகைகளை இன்னும் கழற்றவில்லை. வீடு முழுக்க முட்டுக்கட்டைகள் நெருக்கமாக நின்றன. நடுவில் எங்கள் இருவருக்கும் நிற்க மட்டும்தான் இடம் இருந்தது. பலகை இடுக்கில் கசிந்த தண்ணீர் அவள் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் துடைக்கவில்லை. எடுத்தாச்சு என்று மகள் குரல் கொடுப்பாள் என்று இருவரும் அசையாமல் நின்றுகொண்டிருந்தோம்.