அக்கா பெயரில் நூறு கஜம்

ஓடும்போது பக்கத்தில் ஒரு காலடி கேட்கும். வேதவதி திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்க்காமலே தெரியும், அது கமலவல்லி. டைபாய்டில் அக்கா போய் நாலு வருஷமாகிறது. இருந்தபோதும் கொள்ளிடத்து மணலில் அவள்தான் முந்துவாள்.

வம்பை விலைக்கு வாங்கியது வேதவதிதான். ஸ்ரீரங்கத்துப் பெண்ணின் பெயர் பந்தயச் செய்தியில் வந்தால் எந்தப் பிள்ளை வீட்டார் படியேறுவார்கள்? செத்தவளுக்கு யாரும் வரன் பார்க்கப் போவதில்லை என்று முதல் பந்தயத்திலேயே அக்கா பெயரைக் கொடுத்துவிட்டாள். உறையூர்க் கோயில் தாயார் பெயர்தானே, ஊரெல்லாம் கமலவல்லிகள்; யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று வருஷத்தில் கமலவல்லிக்கு ஏழு கோப்பை. வேதவதிக்குக் கால்வலி.

ஐம்பத்தெட்டில் அரியமங்கலத்து மில் ஒன்று பெண்கள் ஓட்டக் குழு தொடங்கியது. ஓடுவதற்குச் சம்பளமாம்! ஓடிக்காட்ட வரச் சொல்லிக் கடிதம் கமலவல்லிக்கு வந்தது. அம்மா அதைப் பெருமாள் முன்னால் வைத்துச் சேவித்தாள்.

"கமலாவுக்கு உத்தியோகம் ஆயிடுத்துடீ."

"ஓடினது நான்மா. இந்தத் தரம் என் பேரைச் சொல்லப் போறேன்."

"வேண்டாம்டீ. பேப்பர்ல பேர் வரச்சேல்லாம் அவ எங்கேயோ இருக்கான்னு நெனச்சுண்டிருக்கேன். நீ சொல்லிட்டா அவ மறுபடியும் செத்துடுவா."

வேதவதிக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. பெற்ற பெண் ஒருத்தி எதிரே நின்றுகொண்டுதானே இருக்கிறாள்?

மில் மைதானத்தில் நூறு கஜம் ஓடினாள். காலடி கூடவே வந்தது.

"பன்னிரண்டு செகண்டு, பிரமாதம்!" என்றார் விளையாட்டு அதிகாரி அமிர்தராஜ்.

பதிவேட்டில் 'வேதவதி' என்று எழுதினாள்.

"கமலவல்லியைத்தானேம்மா கூப்பிட்டோம்?"

"அவ என் அக்கா சார். செத்துப் போயிட்டா. ஓடினதெல்லாம் நான்தான்."

அவர் தன் நேரக் குறிப்பைக் காட்டினார். "இப்ப ஓடினதையும் அவங்க பேர்லயே எழுதிட்டேன். உங்க பேர்ல ஒருதரம் ஓடுங்க."

ஓடினாள். பாதி தூரத்தில் காது கொடுத்தாள். பக்கத்தில் ஒன்றுமில்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள், வெறும் புழுதி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பன்னிரண்டரை. கமலவல்லியைவிட அரை செகண்டு பின்னாடிங்க. டெம்பரரியாத்தான் எடுக்க முடியும்."

"எப்பவும் அவதான் சார் முந்துவா" என்று சொல்லிவிட்டு, வேதவதி தன் பெயரில் கையெழுத்துப் போட்டாள்.