டெம்போ மறைவில்

சூலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனி ஒன்றில் லோகப்பிரியா வேலை பார்த்தாள். புகுந்த வீடு ஒண்டிப்புதூரில். காலையில் சைக்கிளை எடுத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே போய் கம்பெனி வாசலில் விட்டுவிடும். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நின்று மறிக்கும். ஆடி மாதம் எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் போகும். வீடு வந்து வாயைக் கொப்பளித்தால் மண்ணாகத் துப்பவேண்டியிருக்கும்.

ஆடியில் ஒருநாள் லைன்மேல் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. “இன்னைக்கு வராதுங்க, எல்லாரும் ஊட்டுக்குக் கெளம்புங்க” என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். திருச்சி ரோட்டில் ஏறியதுமே காற்று ஹேண்டில்பாரைப் பிடுங்கியது. ஒரு பஸ் தாண்டிப் போனபோது சைக்கிள் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, வேலமரத்தில் முட்டப் பார்த்தது. அழுகை வரும்போலிருந்தது.

அப்போதுதான் அந்த டெம்போ வந்தது. மூன்று சக்கர வண்டி, தார்ப்பாய் மூடிய பாரம், முக்கி முனகிக்கொண்டு ஊர்ந்தது. அவள் எட்டி மிதித்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தினதுபோலக் காற்று நின்றுவிட்டது. கால் தானாகச் சுற்றியது.

மறுநிமிடம் நாற்றம் அடித்தது. செத்த எலி நாற்றம், ஆனால் அதைவிடக் கெட்டியாக, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் நாற்றம். ஈரமான இறகு ஒன்று வந்து உதட்டில் ஒட்டியது. “தூ!” என்று துப்பிவிட்டு வண்டியை விட்டு விலகினாள். விலகியதும் காற்று அறைந்தது. நான்கு மிதி மிதித்துப் பார்த்தாள், முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி டெம்போவின் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். அப்படி வந்து சேர்ந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இருகூர் பிரிவு தாண்டியதும் கயிறு அறுந்து தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே கோழிகள். பிராய்லர் கோழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் செத்தவை. கழுத்துகள் தொங்கி ஆடின. வயிறு பச்சை பாரித்திருந்தது. ஒரு குலுக்கலில் பழுப்பாக ஏதோ நீர் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ரோட்டோரம் குனிந்து ஓங்கரித்தாள். பண்ணையில் சீக்கு வந்து செத்ததாக இருக்கும், எங்கேயோ குழி தோண்டிப் புதைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி நடந்தாள்.

வீட்டுச் சந்துக்குள் திரும்பியபோது அந்த டெம்போ அவள் வீட்டுப் புறக்கடையில் நின்றிருந்தது.

வீட்டின் முன்பக்கம் அவள் மாமனார் பாலுசாமியின் மெஸ். மில் ஆட்கள் மதியமும் சாயங்காலமும் வரிசை கட்டுவார்கள். கோழி வறுவலுக்குப் பேர் போன கடை. புறக்கடையில் மாமியார் செல்லாத்தாள் அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்திருந்தாள். டெம்போ டிரைவர் நஞ்சுண்டன் கோழிகளைக் காலைப் பிடித்துக் கொத்துக் கொத்தாக இறக்கிக்கொண்டிருந்தான். அவள் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் தினமும் நடப்பதுதான் என்பது அவர்கள் கை வேகத்திலேயே தெரிந்தது.

“ஏனம்மணி, இன்னேரத்துக்கே வந்துட்டே?” என்றாள் செல்லாத்தாள்.

“அத்தை, இது செத்த கோழிங்க.”

“செத்ததுதான். உசிரோட வெட்டுனாலும் சாகத்தான போகுது? காத்துக்கும் கழிசல் சீக்குக்கும் பண்ணையில சாயறதெ வீணாக்கவா முடியும்? மசால் போட்டுக் கொதிக்க விட்டா ஒண்ணும் ஆகாது.”

“நாமளும் இதைத்தான் திங்கறமா?”

செல்லாத்தாளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “ச்சீ! நம்ம ஊட்டுக்கு நாட்டுக்கோழி. இதையெ நீ திங்க நான் உடுவனா?”

கம்பெனிக்குப் போகும்போது லோகப்பிரியா தினமும் மெஸ்ஸில் முந்தின நாள் மிஞ்சிய வறுவலையும் யாருக்கும் தெரியாமல் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு போவாள். தனக்கென்று வைத்த பொரியலைத் தின்றுவிட்டு, வறுவலைப் பக்கத்தில் உட்கார்ந்து காயில் சுற்றும் ராசாத்தாளுக்குக் கொடுத்துவிடுவாள். ராசாத்தாள் மாசமாக இருந்தாள். கோழி என்றால் ஆசையாகத் தின்பாள்.

அடுப்படியிலிருந்த மண்ணெண்ணெய் கேனை எடுத்துவந்து கோழிக் குவியல்மேல் கவிழ்த்தாள். “ஏய், ஏய்!” என்று நஞ்சுண்டன் எட்டிக் குதித்து விலகினான். செல்லாத்தாள் போட்ட சத்தத்தில் பாலுசாமி உள்ளேயிருந்து வந்தார். குவியலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

“உள்ளார போயிப் படு கண்ணு. காத்துல வந்தது மண்டையெக் கிறுகிறுங்குது.”

அவள் உள்ளே போனாள், ஆனால் படுக்கவில்லை. மெஸ்ஸுக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நின்றாள்.

“ஏனுங்க, இது சீக்கு வந்து செத்த கோழிங்க. புறக்கடையில வந்து பாருங்க.”

கைகள் நின்றன. இரண்டு பேர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் இலையைப் பார்த்தபடி இருந்தார்கள். மூலையிலிருந்த ஒருவர் வறுவலை விரலால் ஓரமாக ஒதுக்கினார்.

“அப்பக் குழம்பு மட்டும் ஊத்துங்க,” என்றார்.

லோகப்பிரியா சைக்கிளை எடுத்தாள். காரணம்பேட்டையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எங்கும் இறங்கவில்லை. போனதும் கன்னத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள்.

மறுநாள் ராசாத்தாளைத் தனியாக அழைத்துச் சொன்னாள். ராசாத்தாள் திட்டவில்லை. பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு பேசினாள், சிரித்தாள், ஆனால் லோகப்பிரியா கையிலிருந்து ஒரு முறுக்குகூட வாங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் புருசன் மனோஜ்குமார் வந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான்.

“உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?” என்று கேட்டாள்.

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியும். ஆனா உனக்கு ஒருநாளும் அதை வெச்சதில்லையே, பிரியா.”

அதைச் சமாதானமாகச் சொன்னான். அவளுக்கு அந்த டெம்போ நாற்றத்தைவிட அது மோசமாக இருந்தது. “போயிட்டு வாங்க” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தையில் அவன் சூலூரில் ஒரு ரூம் பிடித்து, மில்லில் வேலைக்கும் சேர்ந்துவிட்டு வந்து கூப்பிட்டான். போனாள். மெஸ் நின்றுவிடவில்லை. ஒரு மாதம் கூட்டம் குறைந்தது, பிறகு பழையபடி வரிசை கட்டியது. மனோஜ் மாதம் ஒருமுறை அப்பனைப் பார்த்துவிட்டு வருவான். வந்த அன்று அவள் வாசலிலேயே ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பாள். குளித்துவிட்டுத்தான் அவன் உள்ளே வரவேண்டும்.